ஐம்பத்தொரு தட்டும் பின்லாந்துக் காடும்

1

சிதம்பரத்தில் கரண்ட் போனதால் பின்லாந்தில் காடு அழிந்துவிட்டது என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு நிமிடம் மூளை தடுமாறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. திங்கட்கிழமை மதியம் நம்ப ஆரம்பித்தவன், வியாழக்கிழமை சாயங்காலம் வரை, நடுவில் வேளை தவறாமல் சாப்பிட்டு, சொந்தக்காரர்களோடு சிரித்துப் பேசி, தாய்மாமன் வேட்டிக்குக் கரை பார்த்து வாங்கி, விடாமல் நம்பினேன். இத்தனைக்கும் கம்ப்யூட்டர் தொழிலில் இருபத்திரண்டு வருடம் சோறு தின்றவன்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு மரக் கோப்பை. தம்பெரே நகரத்துக்கு நான் வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருடம் ஆகிறது. (ஊரில் பாதிப் பேர் அதைத் தாம்பரம் என்றே நினைத்துக்கொண்டு, "இந்தா இருக்கற தாம்பரம், வாரா வாரம் வந்துட்டுப் போனா என்ன?" என்று கோபித்துக்கொள்கிறார்கள்.) அலுவலகத்தில் எனக்காகக் காப்பி போட்டு, பூவரசங்கட்டை நிறத்தில் ஒரு மரக் கோப்பையைக் கையில் கொடுத்து, பேசச் சொன்னார்கள். பின்லாந்துக்காரர்களைப் பேச்சால் சிரிக்கவைப்பது பனிக்கட்டியைப் பல்லால் கடிப்பது மாதிரி. நான் இந்தக் கதையைச் சொன்னேன். பதினோரு பேரும் அமைதியாகக் கேட்டார்கள். என் மேலாளர் பெக்கா கடைசியில், "நல்ல கதை" என்றார். அங்கே அதற்குப் பெயர் பலத்த கைதட்டல்.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். அந்தக் கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் மரியாதை மூன்றாம் பத்தியிலேயே போய்விடும்.

2

எங்கள் கம்பெனி காடுகளைப் படம் எடுக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் சின்ன விமானம் ஒன்று மரங்களுக்கு மேலே பறந்து போய், எந்த மரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எது சாய்ந்திருக்கிறது என்று படம் பிடித்து வரும். இருபது வருடப் படங்கள். ஒவ்வொரு படமும் சாதாரணக் கம்ப்யூட்டரில் அடங்காத அளவுக்குப் பெரியது. அதனால் அவற்றைக் கிளஸ்டர் என்ற ஒன்றில் வைத்திருக்கிறோம். நூறு கம்ப்யூட்டர்கள் சேர்ந்துகொண்டு, வெளியிலிருந்து பார்ப்பவனிடம் "நாங்கள் ஒரே ஒரு பெரிய பீரோ" என்று சாதிக்கும் ஏற்பாடு அது. பெரிய கோப்பு ஒன்றை உள்ளே போட்டால், அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஆளுக்குக் கொஞ்சமாக வைத்துக்கொள்ளும். துண்டுக்கு பிளாக் என்று பெயர்.

பழைய கிளஸ்டர் இருந்த கூடத்தின் வாடகை ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. புதிய கிளஸ்டர் வேறு ஊரில் தயார். பழையதிலிருந்து புதியதற்கு அத்தனை படத்தையும் நகலெடுக்க வேண்டும். வியாழக்கிழமை அவர்கள் நேரம் நான்கு மணிக்குள், "எல்லாம் சரியாக வந்து சேர்ந்தது" என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஆட்கள் வந்து பழைய கம்ப்யூட்டர்களைக் கழற்றி, எல்லாவற்றையும் அழித்து, பழைய இரும்புக்கு அனுப்பிவிடுவார்கள். என் கையெழுத்து தப்பாக இருந்தால் இருபது வருடக் காட்டை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. விமானத்தைப் பின்னோக்கிப் பறக்கவைக்க வழியில்லை.

நகலெடுக்க நானே ஒரு நிரல் எழுதினேன். இதற்கென்று கடையில் வாங்குகிற மாதிரி நல்ல சாமான் இருக்கிறது. ஆனால் நாற்பத்தேழு வயசில் மனுஷனுக்கு ஏதாவது ஒரு திமிர் வேண்டுமே. நம் ஊரில் சின்ன லோடு வண்டியை என்ன சொல்லிக் கூப்பிடுவோமோ அந்தப் பெயரையே நிரலுக்கு வைத்தேன்: குட்டியானை. பெக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தலையாட்டினார்.

இந்த வாரத்தில்தான் என் தங்கை செல்வியின் மகள் கயலுக்குக் கடலூரில் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். ஊரிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டுப் படிவம் போட்டேன். காரணம் என்ற இடத்தில், "மணப்பெண்ணின் தாயுடன் பிறந்தவன்" என்று எழுதினேன். பணியாளர் பிரிவிலிருந்து கேள்வி வந்தது: கல்யாணம் ஒரு நாள், அனுமதி ஏன் மூன்று வாரம்? பதில் எழுதினேன். அடுத்த கேள்வி: இந்தப் பொறுப்பை உங்களுக்குப் பதிலாக வேறொருவர் ஏற்க முடியுமா? நான் உண்மையாகவே கொஞ்சம் யோசித்தேன். "இல்லை. என் அம்மாவுக்கு நான் ஒரே மகன். இது தயாரிப்புக் கோளாறு, இனிச் சரிசெய்ய இயலாது" என்று எழுதினேன். அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு: கம்பெனியின் ஒரு கோப்புகூட இந்தியாவில் இருக்கும் என் லேப்டாப்புக்குள் வரக் கூடாது.

வரவும் வராது. அதுதான் விஷயம். கோப்புகள் பழைய கிளஸ்டரிலிருந்து புதிய கிளஸ்டருக்கு நேராகப் போகின்றன. குட்டியானை ஓடுவதும் அங்கேயே இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில். சிதம்பரத்தில் உட்கார்ந்திருக்கிற நான், நிழலில் நின்று, "ம், ஏத்து... ம், எறக்கு" என்று சொல்லும் மேஸ்திரி, அவ்வளவுதான். இதை வருடத்துக்கு நாலு பேருக்குப் பாடம் எடுக்கிறேன்.

3

திங்கட்கிழமை, ஆவணி வெயில். அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் நமக்குப் பதினொன்றரை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து குட்டியானையைக் கிளப்பினேன். சின்னக் கோப்புகள் முதலில் போயின. ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததும் குட்டியானை இரண்டு பக்கத்திலும் செக்சம் கேட்கும். செக்சம் என்பது கோப்பின் கைரேகை மாதிரி ஓர் எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பச்சை வரி. இல்லாவிட்டால் சிவப்பு வரி. அந்த நகல் "சந்தேகம்" என்ற தனி இடத்துக்குப் போகும்.

பச்சை, பச்சை, பச்சை. நான் கீழே பார்த்து, "இன்னொரு டம்ளர் மோர்" என்றேன். மனசு அப்படிக் குளிர்ந்திருந்தது.

கரண்ட் போனது.

ஃபேன் நின்றது, நெட் நின்றது. பத்து நிமிடம் கழித்து எல்லாம் திரும்பி வந்து, இணைப்பைப் போட்டுப் பார்த்தால், திரை முழுக்கச் சிவப்பு. பெரிய கோப்புகள் வரிசையாகப் போயிருக்கின்றன, வரிசையாகச் சிவப்பு. செக்சம் பொருந்தவில்லை. செக்சம் பொருந்தவில்லை. செக்சம் பொருந்தவில்லை.

அறிவுள்ளவன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு நான் நினைத்தது இது: சின்னக் கோப்புகள் கரண்ட் போவதற்குள் தப்பித்துவிட்டன, பெரியவை பாதி வழியில் மாட்டிக்கொண்டன. எந்த வழியில்? சிதம்பரம் வழியில். பின்லாந்திலிருந்து பின்லாந்துக்குப் போகும் கோப்பு ஏன் தெற்குச் சன்னதியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்காதீர்கள். பயந்தவனுக்குப் பூகோளம் கிடையாது.

இரண்டு படங்களைச் சந்தேகத்திலிருந்து எடுத்து, அங்கேயே திறந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு பைன் மரம் கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்?

4

பெக்காவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பெக்காவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்லாந்துக்கு வந்த முதல் வாரம், ஆர்வக்கோளாறில் அவர்கள் மொழியில் "நாளை உங்களைச் சந்திக்கிறேன்" என்று சொல்லப் போய், ஓர் உயிரெழுத்தைக் குறைத்து உச்சரித்துவிட்டேன். அதற்கு, "நாளை உங்களைக் கொல்கிறேன்" என்று அர்த்தமாம். பெக்கா தன் நாட்குறிப்பைத் திறந்து, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

கத்துகிற மேலாளரிடம் எதையும் சொல்லிவிடலாம். அவர் கத்தி முடித்ததும் நமக்கும் பாரம் இறங்கிவிடும். இவர் அமைதியாக, "சரி" என்பார். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் வீட்டிலேயே அப்படி ஒன்று வளர்கிறது. என் மகள் இலக்கியா, பதினாறு வயது, பிறந்தது ஊரில், மற்றதெல்லாம் அங்கே. எங்கள் குடியிருப்பில் வியாழக்கிழமை ஆறு மணி எங்கள் குடும்பத்தின் நீராவிக் குளியல் முறை. அந்தச் சூட்டு அறையில் அவளும் அவள் அம்மாவும் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்து, "ரொம்ப நல்லா இருந்திச்சி" என்பார்கள். வீட்டில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும், எண்ணி மூன்று வார்த்தையில். ஊருக்கு வந்த முதல் நாளே சொந்தக்காரர்கள் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு எங்க மேல எதுனா கோவமா?" என்று விசாரித்துவிட்டார்கள்.

ஆகவே பெக்கா "எப்படிப் போகிறது?" என்று கேட்டு அனுப்பிய செய்திக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை இன்னொரு கட்டைவிரல். புதன்கிழமை ஒரு கட்டைவிரல், ஒரு சூரியன்.

5

செவ்வாய்க்கிழமை பரங்கிப்பேட்டை நஜீரைக் கூப்பிட்டேன். நானும் அவனும் ஒரே பெஞ்சு. பதினெட்டு வருடம் துபாயில் குப்பை கொட்டிவிட்டு இப்போது ஊரில் இரண்டு லோடு வண்டி விடுகிறான். அதாவது, அசல் குட்டியானை அவனிடம்தான் இருக்கிறது. ஒரு இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மாடியில் வைத்தான்.

"இன்னா மச்சான், மூஞ்சி இப்பிடி இருக்கு. கல்யாணம் உனக்கா, உன் தங்கச்சி பொண்ணுக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"சரி, அந்தப் படமெல்லாம் இந்தப் பொட்டி வழியாத்தான் போவுதா?"

"இல்ல. அங்கயே போவுது."

"அப்ப கரண்ட் இங்க போனா அதுக்கு இன்னா?"

"ஒன்னும் இல்ல."

"அப்ப இன்வெர்ட்டர் எதுக்கு?"

"வைடா, இருக்கட்டும்."

நஜீர் என் மனைவியைப் பார்த்தான். அவள், "நாலு நாளா இப்பிடித்தாண்ணே" என்றாள். இரண்டாவது நாள்தான் ஆகியிருந்தது.

இன்வெர்ட்டரோடு ஓட்டினேன். சிவப்பு. புதன்கிழமை, சிதம்பரத்து நெட்டின் மேல் பழியைப் போட்டு, லேப்டாப்போடு பரங்கிப்பேட்டைக்கே போய், நஜீர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். அவன் வீட்டில் நெட் வேகம் ஜாஸ்தி. சிவப்பும் வேகமாக வந்தது. மூன்று முறையும் அதே கோப்புகள்தான் சிவப்பு; சின்னவை எல்லாம் பச்சை, பெரியவை எல்லாம் சிவப்பு. மூன்று முறையும் அந்தந்தப் பக்கத்தில் முன்பு வந்த அதே எண்கள். கரண்டு கெடுத்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி அல்லவா கெடுத்திருக்க வேண்டும்? மூன்று தடவையும் ஒரே மாதிரி கெடுக்கிற கரண்டு எந்த ஊரில் இருக்கிறது? இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. நஜீரின் மனைவி கொடுத்த இறாலை முழுசாகச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"நாளைக்கு அவங்க டைம் நாலு மணி, நம்ம டைம் ஆறரைக்குள்ள கையெழுத்து போடணும்" என்றேன்.

"போடாத."

"போடலன்னா ஏன்னு கேப்பாங்க."

"சொல்லு."

"சொன்னா மூணு நாளா ஏன் சொல்லலன்னு கேப்பாங்க."

"அப்ப உனக்குக் காடு பிரச்சினை இல்ல மச்சான். கட்டைவிரல்தான் பிரச்சினை" என்றான் நஜீர்.

6

வியாழக்கிழமை சீர். பெண்ணின் அம்மா பிறந்த வீட்டிலிருந்து தாய்மாமன் சீர் போவது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துக்குள் மேளத்தோடு தட்டுகள் வரிசையாக நுழைய வேண்டும். எங்கள் கணக்கு ஐம்பத்தொரு தட்டு. செல்வி அதைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் பத்து நாள் முன்பே போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கல்யாணத்தின்போது சொன்னதை விட இரண்டு தட்டு குறைந்தது என்று அவள் நாத்தனார் சரோஜா அக்கா இருபத்து மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். செல்விக்கு இந்த ஐம்பத்தொன்று தட்டு இல்லை, பதில்.

மத்தியானம் நஜீரின் வண்டி வந்தது. பூ, மஞ்சள், வளையல், பட்டு, பழவகை, அதிரசம், முறுக்கு, லட்டு, நான் தம்பெரேயிலிருந்து சுமந்து வந்த சாக்லேட் என ஐம்பத்தொரு தட்டும் கூடத்தில் பரத்தி வைத்திருந்தது. வண்டியில் முப்பது தட்டுக்கு மேல் பரத்த இடமில்லை.

"ரெண்டு நடை அடிக்கலாம்" என்றான் நஜீர்.

மூன்று நாளாக எதுவும் சரியாக வராத எனக்கு, சரிசெய்யக்கூடிய ஒரு பிரச்சினையைப் பார்த்ததும் உடம்பெல்லாம் புல்லரித்தது. "எதுக்கு ரெண்டு நடை? பாத்திரக் கடையில பெரிய தாம்பாளம் வாடகைக்கு எடு. மூணு தட்டு சாமானை ஒரு தாம்பாளத்துல வை. பதினேழு தாம்பாளம். ஒரே நடை." அரை மணியில் முடித்தோம். நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். பெண்கள் பின்னால் இரண்டு வேனில் பட்டுப்புடவையோடு வந்தார்கள்.

செம்மங்குப்பத்தில் ஆலைகளின் ஷிப்டு பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, மண்டப வாசலில் இறங்கும்போது மணி ஐந்து தாண்டிவிட்டது. என் தோளில் லேப்டாப் பை. கையெழுத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். மேளம் அடிக்க ஆரம்பித்தது. பதினேழு தாம்பாளம் உள்ளே நுழைந்தது. நுழைவாயிலில் சரோஜா அக்கா நின்றிருந்தார். உதடு அசைவதைப் பார்த்தேன். எண்ணுகிறார்.

"அம்பத்தொன்னுன்னு செல்வி குரூப்புல போட்டுச்சே தம்பி. பதினேழுதான் வருது."

"எல்லாம் அதே சாமான்தாங்க்கா. மூணு தட்டை ஒரு தாம்பாளத்துல வச்சிருக்கேன்."

"நீ வச்சிருப்ப. நான் யாருகிட்ட போயி சொல்லிகினு இருக்கறது? பாக்கறவுங்க தட்டைத்தான எண்ணுவாங்க."

பின்னால் செல்வி வந்து நின்றாள். அவள் முகம் கழுவின தட்டு மாதிரி ஆகிவிட்டது. "அண்ணே, இன்னா பண்ணி வச்சிருக்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த மெதுவுக்கு அவள் கத்தியிருக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் பயமெல்லாம் சேர்ந்து, விரிவுரையாக வெளியே வந்தது. "தட்டை எண்ணினா எப்பிடிக்கா தெரியும்? உள்ள இருக்கற சாமானை எண்ணணும். மூணு சின்னத் தட்டுல இருக்கறதும் ஒரு பெரிய தட்டுல இருக்கறதும் ஒன்னுதான. தட்டு எண்ணிக்கை வேறயா இருந்தா சாமான் கெட்டுப்போச்சின்னு அர்த்தமா? சிதம்பரத்துல தட்டை வச்சிக் கணக்குப் போட்டா ஒரு நம்பர் வரும். இங்க தட்டை வச்சிக் கணக்குப் போட்டா இன்னொரு நம்பர் வரும். ரெண்டும்..."

நிறுத்திவிட்டேன்.

"ரெண்டும்?" என்றார் சரோஜா அக்கா.

"ரெண்டும் பொருந்தாது" என்றேன்.

"அதைத்தான நானும் சொல்றேன்."

கோப்பின் செக்சம் எப்படிப் பிறக்கிறது என்று நான் உங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை. கிளஸ்டர் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஓர் எண் போடும். பிறகு அந்த எண்களையெல்லாம் வரிசையாகச் சேர்த்துக் கடைந்து, முழுக் கோப்புக்கு ஓர் எண் எடுக்கும். பழைய கிளஸ்டர் சின்னச் சின்ன பிளாக்காக நறுக்கும். புதியது பெரிய பிளாக்காக நறுக்கும். ஒரே பிளாக்கில் அடங்குகிற சின்னக் கோப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே எண். பெரிய கோப்பு என்றால் அங்கே ஐம்பத்தொரு தட்டு, இங்கே பதினேழு. நான் மூன்று நாளாக உட்கார்ந்து தட்டை எண்ணியிருக்கிறேன்.

7

"நஜீர், லேப்டாப்" என்றேன்.

"உன் தோள்லதான் இருக்கு."

பாத்திர அறைக்கு ஓடினேன். பின்னால் செல்வியின் குரல்: "எங்கண்ணே ஓடற?"

"செல்வி, காடு பொழைச்சிடுச்சி."

"எந்தக் காடு? என் மானம் பொழைக்கற வழியப் பாரு."

அரிசி மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்து, செல்போனிலிருந்து நெட் கொடுத்து, குட்டியானையில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். பிளாக் எப்படி நறுக்கியிருந்தாலும் உள்ளே இருப்பதை மட்டும் பார்த்து எண் தருகிற இன்னொரு முறை உண்டு. அதில் கேட்கச் சொன்னேன். மறுபடி நகலெடுக்கத் தேவையில்லை, ஒப்பிட்டால் போதும். நாற்பது நிமிடம் என்று காட்டியது. மணி ஐந்து முப்பத்தைந்து. முதல் பெரிய கோப்பு பச்சையாக வந்தது. இரண்டாவதும் வந்தது. நான் ஒரு அண்டாவைக் கட்டிப்பிடித்தேன்.

அதற்குள் வாசலில் சரோஜா அக்கா தீர்ப்பு சொல்லியிருந்தார். நான் நினைத்த மாதிரி அது வீம்பு இல்லை. "சாமான் கொறஞ்சிச்சின்னு நான் சொல்லல தம்பி. சிதம்பரத்துலேர்ந்து அம்பது பொம்பளைங்க பட்டு கட்டிகினு வந்திருக்காங்க. பதினேழு பேரு தூக்கறாங்க, மத்தவங்க கைய வீசிகினு வர்றாங்க. ஊர்வலம் மாதிரியா இருக்கு? கட்சி கூட்டம் மாதிரி இருக்கு. எப்பிடி கெளம்பிச்சோ அப்பிடியே வந்து சேரணும்."

உண்மைதான். திரும்பிப் பார்த்தால், அந்த வெறுங்கைக் கூட்டத்தில் இலக்கியாவும் நின்றிருந்தாள். பட்டுப் பாவாடை தாவணியில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

நஜீர் மண்டபத்துச் சமையல்காரர்களிடம் போய் எவர்சில்வர் தட்டுகளை வாங்கிவந்தான். எல்லோரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பி, தாம்பாளங்களைப் பிரித்து, பழையபடி தட்டு தட்டாக வைத்தார்கள். செல்வியே உட்கார்ந்து அடுக்கினாள். சரோஜா அக்காவும் குந்தி உட்கார்ந்து, "இந்த அதிரசத்தை இப்பிடி வை, எடுப்பா இருக்கும்" என்று செய்துகாட்டினார். இருபத்து மூன்று வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து நான் பார்த்தது அதுதான்.

ஐம்பது தட்டுதான் வந்தது. பின்லாந்துச் சாக்லேட், கடலூர் வெயிலில், லட்டுக்கு அடியில் குழம்பாகிக் கிடந்தது.

நஜீர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து பாத்திர அறையைப் பார்த்தோம்.

"வேணாம்டா" என்றேன்.

"தாய்மாமன் முன்னாடி நடக்கணும். நீ வர்றப்ப அதை யாரு பாத்துக்கறது?" என்றான்.

அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் ஒரு தட்டில் ஏறியது. பக்கத்தில் செல்போன், மேலே ஒரு பட்டுத்துணி, நாலு மூலையிலும் ஒரு ரோஜாப்பூ. இலக்கியாவின் கையில் கொடுத்தேன். "மூடிடாத. மூடினா தூங்கிடும்" என்றேன்.

அவள் துணியைத் தூக்கிப் பார்த்தாள். பச்சை வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. "அப்பா, இது உன் வேலையா?" என்றாள்.

"ஆமா."

"நீ சீரியஸா?"

"ஆமா."

அவள் சிரித்தாள். ஊருக்கு வந்த பிறகு முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

மேளம் மறுபடி கிளம்பியது. நான் முன்னால் நடந்தேன், கழுத்தில் மாலை, காதெல்லாம் பின்னால். ஐம்பத்தொரு தட்டும் வரிசையாக உள்ளே வந்தன. கடைசித் தட்டு பின்லாந்து முகத்தோடு, ஒரு பூகூட நழுவாமல் வந்தது. சரோஜா அக்காவின் உதடு எண்ணி முடித்து நின்றது. இலக்கியாவை நிறுத்தி, துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இது இன்னாது?"

"காடு அத்தை" என்றாள் இலக்கியா.

சரோஜா அக்கா ஒரு விநாடி யோசித்தார். துணியைப் பழையபடி மூடினார். "அம்பத்தொன்னு" என்று செல்வியிடம் சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே சொன்னார். செல்வி தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். அதற்கு ரொம்ப நேரம் ஆனது.

ஆறு பதினெட்டுக்கு மணமேடைக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்பு ஒன்றுகூட இல்லை என்று பார்த்து, சந்தேகத்தில் கிடந்த கோப்புகளை அதனதன் இடத்துக்கு மாற்றி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பெக்காவிடமிருந்து பதில் வந்தது. ஒரு கட்டைவிரல்.

8

இனி அந்தக் கேள்வி.

மரக் கோப்பை வாங்கிய அன்று இந்தக் கதையை முடித்ததும், "நல்ல கதை" என்று சொன்ன பெக்கா, காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பிழைச் செய்தியில் காரணம் எழுதியிருக்குமே?" என்று கேட்டார்.

எழுதியிருக்கவில்லை என்றேன். மூன்று நாள் பார்த்தவன் நான். செக்சம் பொருந்தவில்லை என்பதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் குட்டியானையைத் திறந்து பார்த்தேன். திரை பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று, கிளஸ்டரிலிருந்து வருகிற ஒவ்வொரு செய்தியிலும் முதல் வரியை மட்டும் காட்டும்படி நானே எழுதியிருந்தேன். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, பழைய பதிவை முழுசாகத் திறந்தேன்.

முதல் வரி: செக்சம் பொருந்தவில்லை.

இரண்டாவது வரி: இரண்டு பக்கமும் பிளாக் அளவு வேறுபடுகிறது; நகலெடுக்கும்போது பிளாக் அளவை அப்படியே வைத்துக்கொள்ளவும்.

திங்கட்கிழமை மதியமே அது அங்கே இருந்தது. ஒரு கோப்பும் கெடவில்லை.